உள்ளாள்

"உள்ளேருந்து எவனோ சொல்றான் கோச். நாம பந்தைத் தூக்கிட்டு ஓடப்போறோமா, பாஸ் போடப்போறோமானு அவனுங்களுக்கு முன்னாடியே தெரியுது."

டெஸ்மண்ட் சொன்னதை கோச் பிரானிகன் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தோல்வி. டொலிடோ ஊர் முழுக்க, ஹாட் டாக் கடை வரிசையில்கூட, இதே பேச்சுதான். பந்து அசைவதற்குள் எதிரணிக்காரன் சரியான இடத்தில் வந்து நிற்கிறான் என்றால், ஜோசியமா பார்க்கிறான்?

டொலிடோவின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு டெஸ்மண்ட்தான் கேப்டன். முன்வரிசையில் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நின்று, பந்தை வாங்கி வீசும் குவார்ட்டர்பேக்கை எவனும் நெருங்காமல் மறிப்பது அவன் வேலை. வயது முப்பத்து நான்கு. இந்த ஆட்டத்தில் அது கிழப்பருவம். அணி இப்படியே தோற்றால் முதலில் யாரைக் கழற்றிவிடுவார்கள் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். போதாததற்கு இடது முழங்கால் வேறு கொஞ்ச நாளாக மக்கர் செய்கிறது. டாக்டரிடம் வாயைத் திறந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் ஐஸ் வைப்பதைக்கூட வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டுதான் வைத்தான். துரோகி யாரென்று கண்டுபிடித்தால்தான் தன் பிழைப்பு நிலைக்கும் என்று நினைத்தான்.

சந்தேகம் தவீட்டாமேல் விழுந்தது.

தவீட்டா பசிபிக் கடல் தீவான சமோவாக்காரன். உடைமாற்றும் அறையில் டெஸ்மண்டுக்குப் பக்கத்து அலமாரி. சமோவாக்காரர்களுக்கு லீக் முழுக்க உறவு. இவனுடைய மாமன் மகன் ஃபெட்டு, டெய்ட்டன் அணியில் இருக்கிறான். இவர்களை முதலில் தோற்கடித்ததே அந்த டெய்ட்டன்தான். போதாதா?

சந்தேகம் வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவன் தும்மினாலும் அதில் ஒரு சங்கேதம் தெரியும். தவீட்டா கார் நிறுத்துமிடத்தில் நின்று தன் மொழியில் போனில் குசுகுசுவென்று பேசினான். நடுநடுவே ஃபெட்டு, ஃபெட்டு என்று காதில் விழுந்தது. டெஸ்மண்டைக் கண்டதும் சட்டென்று போனை வைத்தான்.

அடுத்த நாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், தவீட்டா தனியாக உட்கார்ந்து டேப்லெட்டில் பழைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பார்க்கிறே?"

"ஒண்ணுமில்லண்ணே." டேப்லெட்டைக் கவிழ்த்துவைத்தான். "அண்ணே, ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன். உங்ககிட்ட தனியா ஒண்ணு காட்டணும். இங்க வேண்டாம், ஆளுங்க வந்துடுவாங்க."

என்னையே கூட்டுச் சேர்க்கப் பார்க்கிறானா என்று டெஸ்மண்டுக்கு ரத்தம் கொதித்தது. நேராக கோச்சிடம் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டான்.

கோச் தயங்கினார். "நல்லாத் தெரியுமா? அவனுக்கு இப்பத்தான் குழந்தை பிறந்திருக்கு."

"கண்ணால பார்த்தேன் கோச். என் பேரு மட்டும் வெளியில வரவேண்டாம்."

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் ஆள் வந்து தவீட்டாவின் தோளைத் தொட்டான். கோச் கூப்பிடுகிறார், டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு வா என்றான். ஆட்டத் திட்டமெல்லாம் இருக்கும் அந்த டேப்லெட்டைத் திருப்பிக் கேட்டால், வேலை போயிற்று என்று அர்த்தம். அறையில் இருந்தவர்கள் எல்லாம் குனிந்து அவரவர் ஷூவைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்த தவீட்டா, தன் சாமான்களைக் கறுப்புக் குப்பைப் பையில் அள்ளிப் போட்டான். கோச் காரணம் எதுவும் சொல்லவில்லையாம். அவனைப் பற்றி ஏதோ காதுக்கு வந்தது என்று மட்டும் சொன்னாராம். பையைத் தூக்கிக்கொண்டு டெஸ்மண்டிடம் வந்தான்.

"அண்ணே, போறதுக்குள்ள அந்த விஷயம் ஒரு நிமிஷம்..."

"அப்புறம் பார்க்கலாம்டா." டெஸ்மண்ட் கட்டியிருந்த லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். மனசு லேசாக உறுத்தத்தான் செய்தது. அணியைக் காப்பாற்றிவிட்டோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் டெய்ட்டனோடு ஆட்டம். டெஸ்மண்ட் குனிந்து கையை ஊன்றியதுமே எதிரில் ஃபெட்டு, "பாஸ்! பாஸ்!" என்று தன் ஆட்களுக்குக் கத்தினான். பாஸ்தான் போட்டார்கள். "ஓட்டம்!" என்று கத்தினான். ஓடத்தான் செய்தார்கள். படுதோல்வி. போகிற போக்கில் தவீட்டா எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று டெஸ்மண்ட் பல்லைக் கடித்தான்.

ஆட்டம் முடிந்து இரண்டு அணிகளும் மைதானத்தின் நடுவில் கைகுலுக்கியபோது, ஃபெட்டுவின் கையைப் பிடித்த டெஸ்மண்ட் விடவில்லை.

"எங்க ஆட்டத்தை உனக்கு யாரு சொல்றா? மரியாதையாச் சொல்லிடு."

ஃபெட்டு சிரித்தான். "நீங்கதாண்ணே."

"விளையாடாதே."

"நிஜமாண்ணே. பாஸ்னா உங்க இடது கால் பந்து வர்றதுக்குள்ளயே ஒரு விரக்கடை பின்னால நகருது. பின்வாங்கி மறிக்க முழங்கால் தாங்கலபோல. ஓட்டம்னா அசையறதே இல்ல. லீக்ல பாதிப் பேருக்குத் தெரியும்."

டெஸ்மண்ட் குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். பிடித்திருந்த கையைத் தானாகவே விட்டான்.

ஃபெட்டு குரலைத் தாழ்த்திக்கொண்டான். தவீட்டா நாள் தவறாமல் போனில் கெஞ்சினானாம். டிவி பேட்டியில் அந்தக் காலைப் பற்றி மறந்தும் உளறிவிடாதே, தெரிந்தால் மனுஷனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வீடியோவைக் காட்டி நானே அவரைத் தனியாகச் சரிசெய்யச் சொல்கிறேன் என்றானாம்.

"பாவம், அவனுக்குப்போய் இந்தக் கதி. உள்ளேருந்து எவனோ போட்டுக்கொடுத்திருக்கான். அது யாருன்னு அண்ணன் கண்டுபிடிச்சிடுவாருன்னு, உங்களைத்தாண்ணே நம்பிட்டிருக்கான்."