கொடுக்காத மாத்திரை

பீரோவைப் படாரென்று சாத்தி, முதுகை அதன்மேல் சாய்த்து நின்றாள். தூக்க மாத்திரை அட்டை அவள் கைப்பிடிக்குள் கசங்கியது.

"ஒண்ணே ஒண்ணு கொடும்மா. சொத்தையா எழுதித் தரச் சொல்றேன்?" என்றான் கணவன்.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இந்த வாரம் இரவு வேலை. காலையில் வந்து படுத்தவன், திரைச்சீலையை இழுத்துப் பார்த்தான், காதில் பஞ்சை வைத்துப் பார்த்தான், புரண்டு புரண்டு படுத்தான். மத்தியானம் ஆனதும் சிவந்த கண்ணோடு எழுந்து வந்து நின்றான்.

"தரமாட்டேன்."

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. மாடிப்படியில் எட்டிப் பார்த்து, கீழ்வீட்டிலிருந்த அக்காவைக் கூப்பிட்டான். தம்பி வீட்டுப் பஞ்சாயத்து என்றால் நாத்தனாருக்கு அடுப்பை அணைக்கக்கூட நேரம் இருக்காது. கரண்டியோடு ஏறி வந்துவிட்டாள்.

ராத்திரி அவ்வளவு உயரத்தில் ஏறி உட்கார வேண்டியவருக்குக் கிறக்கம் தெளியாவிட்டால் என்ன ஆவது என்று அவள் கணவனைக் கேட்டுப் பார்த்தாள். அதெல்லாம் சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும் என்றான். சொல்கிறவனுக்கு என்ன, காலையில் பல் தேய்க்கும்போது வாயில் ஊறும் கசப்பும், முற்பகல்வரை இறங்காத தலைக்கனமும் தினமும் அதைப் போட்டுக்கொள்ளும் அவளுக்கல்லவா தெரியும்!

"கட்டின புருஷனுக்கு ஒரு மாத்திரை கொடுக்க இவ்வளவு கஞ்சத்தனமா? இதென்ன விஷமா?" என்றாள் நாத்தனார்.

பதில் அவள் நாக்கு நுனிவரை வந்தது.

மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரம்மா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். உனக்கு எழுதியது உனக்கு மட்டும். போட்டால் நேரே படுக்கை. குடித்துவிட்டுப் போடக் கூடாது. குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் இதைத் தொடவே கூடாது. நின்ற மூச்சு திரும்பாமலே போய்விடலாம்.

கணவனின் குறட்டை பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும் ரகம். அதுகூடப் பரவாயில்லை. திடீரென்று சத்தம் நின்றுபோகும். அவள் தோளைப் பிடித்து உலுக்குவாள். அவன் தண்ணீரிலிருந்து எழுந்தவன் மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்புவான். காலையில் கேட்டால், நான் எங்கே குறட்டை விட்டேன் என்று சண்டைக்கு வருவான்.

இதை எடுத்துச் சொன்னால் தீர்ந்தது. கணவன் பயந்துபோய் அப்படியே படுத்துவிடுவான். நாத்தனார் கரண்டியோடு கீழே போய்விடுவாள்.

ஆனால் ஜன்னலோரமாக அவளுடைய அம்மா உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா எதிரில் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. கணவனிடம் தனியாகவும் சொல்ல முடியாது. அவனுக்கு ஓட்டை வாய். காலையில் சொன்னால் சாயங்காலம் அம்மா காதில் இருக்கும்.

"நாளைக்கு என்கூட டாக்டர்கிட்ட வாங்க. அவங்க உங்களைப் பாத்து எழுதிக் கொடுத்தா வாங்கித் தரேன். இதுலேர்ந்து ஒண்ணுகூடக் கிடையாது. கஞ்சின்னு சொல்லிக்குங்க, ராட்சசின்னு சொல்லிக்குங்க."

அவள் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உலுக்கினாலும் எழாத தோளை நினைத்துப் பார்த்தவளுக்குத்தான் தெரியும், அது பயம்.

நாத்தனார் விடவில்லை. "நீங்களே கேளுங்கம்மா, உங்க பொண்ணு பேசற பேச்சை" என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அம்மா மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை முன்னால் மகளைக் கண்டிக்க வேண்டியிருக்கிறதே என்ற சங்கடம் முகத்தில் தெரிந்தது.

"உங்கப்பா தூக்கம் வரலைன்னு கேட்டப்ப நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசலைடி. முழங்கால் வலியில தூங்க முடியலைன்னு எனக்கு எழுதிக் கொடுத்திருந்த தூக்க மாத்திரையில ஒண்ணை எடுத்து அவர் கையில வெச்சேன். கடைசியா அந்த மனுஷன் ஒரு சிணுங்கல் இல்லாம, குறட்டைகூட இல்லாம, குழந்தை மாதிரித் தூங்கினாரே, அது ஒண்ணுதான் எனக்கு இன்னிக்கும் ஆறுதல்."

நாத்தனார் உச்சுக் கொட்டினாள்.

அப்பா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவளை மட்டும் ஓரமாக அழைத்து, அப்பா தூக்கத்துக்கு ஏதாவது போட்டுக்கொண்டாரா, குறட்டை உண்டா, மூச்சு நின்று நின்று வருமா என்று கேட்டிருந்தார். எதற்குக் கேட்கிறார் என்பதையும் சொன்னார். அம்மா உள்ளே அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மகளின் கைப்பையில், அப்பாவின் தலையணையருகிலிருந்து எடுத்த மாத்திரை உறை இருந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்துதான் அவளுக்குத் தூக்கம் இல்லை.

இப்போது மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் அட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உன் அளவுக்கு நல்லவ இல்லைம்மா. தரமாட்டேன்."

அம்மா பெருமூச்சு விட்டாள். பிறகு, அது உண்மைதான் என்பதுபோல நாத்தனாரைப் பார்த்துக் கொஞ்சம் பெருமையாகவே தலையாட்டினாள்.