குளிரைப் பற்றி ஒரு வார்த்தை

சூரியநெல்லி எஸ்டேட் பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வருகிறது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கூப்பிடும் பழைய நோட்டீஸ் ஒன்றை வாசித்துவிட்டு, "இதிலேருந்து என்ன தெரியுது?" என்கிறார் தமிழ் வாத்தியார். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் பூமாரி எழுந்து வீடு, அரிசி, ஆஸ்பத்திரி என்று அதில் தருவதாகச் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறாள். வாத்தியார் தலையை மட்டும் ஆட்டுகிறார். கடைசி பெஞ்சிலிருந்து சாந்தம்மாள், "குளிரப் பத்தி ஒரு வார்த்தகூட இல்லையே சார்" என்கிறாள். வாத்தியார் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்புகிறார். "அடடா, நீதாம்மா படிச்சிருக்க!" பூமாரிக்கு வயிறு எரிகிறது. கொழுந்து கிள்ளும் அம்மாவின் குளிரில் வெடித்த விரல்களுக்குத் தினமும் எண்ணெய் தடவிவிடுகிறவள் அவள்தான்; அவளுக்கு ஏன் இது தோன்றவில்லை? முழங்கையால் மறைத்தபடி, குளிரைப் பற்றிய அந்த வாக்கியத்தைத் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். சொன்னவள் பெயரை எழுதவில்லை.