ஏழாம் தளம்

லிஃப்டுக்குள் மனிதர்கள் இப்படி வாய் ஓயாமல் பேசுவார்கள் என்று அவள் நினைத்திருக்கவே இல்லை.

கைபேசியைக் கூரையோரத்து ஒலிபெருக்கிக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். அந்த இடம் வரும்போதெல்லாம் சொல்லிவைத்தாற்போல யாராவது குறுக்கே பேசினார்கள்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி.

"ஏழாம் தளம். கதவு திறக்கிறது."

அதைச் சொல்வது அவளேதான். பள்ளிக்கூடம் முடித்த கோடையில் பேசிய குரல். இன்றைக்கு மெக்கானிக் வந்து புதுக் குரலை ஏற்றப்போகிறான், ஏற்றினால் பழையது அழிந்துவிடும் என்று காவலாளி செய்தி அனுப்பியிருந்தார். அந்தக் கட்டடத்தில் அவளை இன்னும் ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆள்.

பள்ளியில் அவளுக்குப் பட்டப்பெயர் ரேடியோ. பேச்சுப் போட்டி என்றால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் பெயர் கொடுப்பார்கள். அவளுடைய ழகரத்தைக் கேட்பதற்கென்றே தமிழாசிரியை அவளை எழுப்பிப் படிக்கச் சொல்வார். இவள் செய்தி வாசிக்கப் போகிறாள் பார் என்று தெருவே சொன்னது. தெரு என்ன, அவளே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்த மாமா ஒருவர் அவளைக் கூட்டிப்போய், சுவரெல்லாம் மெத்தை கட்டிய ஓர் அறையில் உட்காரவைத்து, தரைத்தளத்திலிருந்து எட்டாம் தளம் வரைக்கும் பேசவைத்தார். கூலியாக ஒரு கைக்கடிகாரம் கிடைத்தது. ஆரம்பமே அமர்க்களம் என்றாள் அம்மா.

ஆரம்பம் மட்டும்தான். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

குடும்பத்துப் பெண் ஊர் பார்க்க உட்கார்ந்து வாசிப்பதா என்று கேட்டார் அப்பா. கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டில் அதிகம் புழங்கிய வார்த்தை 'வாயை மூடு'. கடைசியில் இதே கட்டடத்தின் ஏழாம் தளத்தில், காதில் மைக்கை மாட்டிக்கொண்டு, எவனோ விற்ற சலவை இயந்திரத்துக்காக எவரிடமோ மன்னிப்புக் கேட்கும் வேலை கிடைத்தது. இருபது வருடம் கேட்டாள். அவளுடைய குரலே தினமும் அவளை மேலே கொண்டுபோய் மன்னிப்புக் கேட்க இறக்கிவிட்டது.

லிஃப்டில் பேசுவது நான்தான் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். கூட வேலை செய்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள்.

வேலையைவிட்டு நின்று வருடம் ஒன்றாகிறது. "இந்த உரையாடல் பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாள். அந்தப் பதிவுகளில் ஒன்றாவது கிடைக்குமா என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று பதில் வந்தது. மன்னிக்கவும் என்றும் போட்டிருந்தார்கள்.



வீட்டில் இப்போதெல்லாம் சண்டை சச்சரவு கிடையாது. வீடு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா என்று கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்று காலை லிஃப்டில் முதல் தடவை அவளோடு ஏறியது இரண்டு பெண்கள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். மேலும் கீழும் அவளைப் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அடுத்து ஒருவன் ஏழு மாடியும் தொலைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டே வந்தான். கையெடுத்துக் கும்பிட்டாள். பிச்சை கேட்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கழுத்தைச் சுற்றியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு அவள் மறுபடியும் தரைத்தளத்துக்கு வந்தபோது மெக்கானிக் ஏறினான். சின்ன வயசு, சிரித்த முகம். பொத்தான் பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு வயரைச் செருகி, மடிக்கணினியோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"இது ஏர்றதுக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாம்க்கா."

அவள் ஏற்கெனவே ஏழை அழுத்தியிருந்தாள்.

லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும். அவன் கணினியிலேயே கண்ணாக இருந்தான். மூன்று, நான்கு, ஐந்து. சத்தமே இல்லை. அவள் கைபேசியை உயர்த்தினாள். கடவுளே, இவன் வாயைத் திறக்காமல் இருக்கட்டும்.

ஆறு.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வீடியோ எடுக்கிறீங்களா? எடுங்க எடுங்க, இதான் கடைசி. இந்தம்மா என்ன இழு இழுக்குது பாருங்க, பள்ளிக்கூடத்துல செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி. எல்லாரும் கம்ப்ளெய்ன்ட்."

அவன் பேசி முடித்தபோது கதவு திறந்துவிட்டிருந்தது.

அவள் பாய்ந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். கணினி 'டிங்' என்றது.

"ஏறிடுச்சு" என்றான் அவன், ஒன்றும் புரியாமல்.

அவள் ஒலிபெருக்கியைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கைபேசியில் பதிந்ததை ஓடவிட்டாள். அவன் கிண்டல் கணீரென்று கேட்டது. அதற்கு அடியில் எங்கேயோ ஒரு சின்னப் பெண் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் 'திறக்கிறது' மட்டும் தப்பித்திருந்தது.

அவன் முகம் விழுந்துவிட்டது. எழுந்து நின்றான்.

"நீங்களா அது? அடப்பாவமே. வாய மூடுடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பேசியே இருக்க மாட்டேனேக்கா."

கதவு மூடுகிறது என்றாள் வேறு யாரோ ஒருத்தி, கூரையிலிருந்து.

அவள் கழுத்துத் துணியைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். தொண்டைக்குழியில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாக மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது.

மூச்சு மட்டும்தான்.