உலோகம் ஆகாதவர்

குணசீலனின் ரத்தத்தில் இரும்புக்குப் பொறுப்பான உத்தியோகம். நுரையீரலில் மூச்சுக்காற்றை ஏற்றிக்கொண்டு போய் உடம்பெல்லாம் இறக்க வேண்டும். ஒரு நாள் ஏற்றப் போன இடத்தில் இரண்டு புது முகங்கள் நின்றுகொண்டிருந்தன. ஒன்று காட்மியம், மற்றது ஈயம்.

"யாருப்பா நீங்க? இங்கே என்ன வேலை?" என்று கேட்டது இரும்பு.

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லைண்ணே. மண்ணுல கிடந்த எங்களைப் புகையிலைச் செடி இழுத்துச்சு. சிகரெட்டுல இருந்து உங்க ஆளு இழுத்தாரு. வந்துட்டோம்" என்றது காட்மியம். "நான் சிறுநீரகத்துல ஒரு இருபது முப்பது வருஷம் தங்கலாம்னு இருக்கேன். ஈயத்துக்கு எலும்புதான் பிடிச்சிருக்காம்."

இரும்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஆளைப் பத்தித் தெரியாமப் பேசுறே. வேண்டாத உலோகம்னா அவருக்கு ஆகவே ஆகாது. வீட்டுல ஒரு அலுமினியப் பாத்திரத்தை விட்டு வைக்கலை. குழம்பு மண்சட்டியில, சாப்பாடு வாழையிலையில. நாளைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கு. உங்க பேரு மட்டும் வெளியே வரட்டும், அப்புறம் பாரு வேடிக்கையை!"

பெயர் வெளியே வந்தது. அறிக்கையைப் படித்த குணசீலன் கொதித்துப்போய் மனைவியைக் கூப்பிட்டார்.

"மரகதம்! எல்லாம் உங்கப்பா சீராக் கொடுத்த அந்தப் பித்தளைக் குடத்தால வந்த வினை. முதல்ல அதைத் தூக்கி வெளியே போடு!"

குடம் வெளியே போயிற்று. ஆனாலும் படபடப்பு அடங்கவில்லை. வாசலுக்கு வந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

உள்ளே காட்மியம் இரும்பின் தோளைத் தட்டியது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க. நம்ம ஆளுங்க வர்றாங்க."