நீங்களும் வாங்க

தேவாலயத்திலிருந்து ஜோகூர் காட்டுக்குச் சுற்றுலா போனவர்கள் யாரும் யானையைப் பார்க்கவில்லை. ஓடையோரச் சேற்றில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு காலடித் தடம் மட்டும் கிடந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது சொல்கிற பழக்கத்தில், மிரண்டா அதனிடமும் சொல்லிவைத்தாள்: "நாங்க வந்துட்டோம் லா. அடுத்து நீங்கதான் நம்ம வீட்டுக்கு வரணும்."

மறுநாள் மாலை, சிங்கப்பூர் ஆங் மோ கியோவில், தன் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவள் தனியாக லிப்டில் ஏறியதும் பாரம் அதிகம் என்று மணி அடித்தது. வெளியே வந்தாள். மணி நின்றது. கதவு மூடிக்கொண்டு, அவள் இல்லாமலே லிப்ட் மேலே போய், அவள் வீடு இருக்கும் பத்தாவது மாடியில் நின்றது.

காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த கணவனுக்குப் போன் செய்தாள்.

"நீயா தட்டுறே? கதவே உடைஞ்சிடும் போல. இரு, திறக்கிறேன்," என்றான் டாரியஸ். அதன்பிறகு அவன் பேசவில்லை.

லிப்ட் இறங்கி வந்தது. தரையெல்லாம் ஈரச் சேறு. மிரண்டா ஏறி நின்றாள். இந்தமுறை மணி அடிக்கவில்லை.