கையெழுத்து கிடைத்தால் தூக்கிவிடலாம்

தாலி கட்டிய மனைவியைக் கைகால் கட்டித் தூக்கி வரும்படி ராணுவத்தைக் கும்பிட்ட முதல் ஆள், அநேகமாகப் பாத்திரக்கடை காந்திமதிநாதனாகத்தான் இருக்கும்.

"முப்பது வருஷமா நான் சொல்லி அவ ஒண்ணும் கேட்டதில்ல தம்பி. நீங்க துப்பாக்கி பிடிச்ச ஆளுக. நீங்களாவது அவளத் தூக்கிப் படகுல போடுங்க," என்றார், கையைக் கூப்பியபடி.

ஏரலுக்குக் கிழக்கே தாமிரபரணி அன்று ஆறாகவே இல்லை. கடலுக்குப் போய்ப் போய்ச் சலித்து, கடலையே ஊருக்குக் கூட்டிவந்துவிட்ட மாதிரி இருந்தது. பனை உச்சியில் கெண்டை துள்ளியதைப் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னான்; மறுக்க யாருக்கும் தெம்பில்லை.

பள்ளிக்கூடத்து மொட்டைமாடி மட்டும் மிச்சம். வாசலில் முங்கிக் கிடந்த அரசாங்க ஜீப்பின் கூரையில் ஒரு காகம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தது.

முந்தின நாள் மனைவிக்கு மத்தியானச் சோறு கொண்டு வந்த காந்திமதிநாதன் இங்கே மாட்டிக்கொண்டார். ஸ்கூட்டர் இந்நேரம் இலங்கையில் கரை ஏறியிருக்கும். தூக்குவாளி மட்டும் மடியில் இருந்தது.

மாடியில் நின்ற சித்ரலேகா பாதி ஊரை வாயாலும் மீதி ஊரை விரலாலும் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தாள். ராணுவப் படகு வந்து ஒட்டியதும், "நெஞ்சுல ஆபரேஷன் பண்ணுன ஆளு, மொதல்ல ஏத்துங்க" என்று கணவரை இறக்கிவிட்டாள். உலகம்மாள் கிழவி தன் ஆட்டுக்குட்டியில்லாமல் வரமாட்டேன் என்றபோது, குட்டியை அவள் மடியில் வைத்து அனுப்பினாள். இன்னும் ஒரே ஒரு இடம் பாக்கி.

"ஆட்டுக்குட்டிக்கு எடமிருக்கு, ஒனக்கு இல்லையாக்கும்? எறங்கி வா சித்ரா."

"நாப்பது பேரு நிக்காங்கல்லா? அவுக போவட்டும், பொறவு வாறேன். நீங்க வாய வச்சுக்கிட்டு பைய இருங்க," என்றவள், அந்த இடத்திலும் ஒரு கர்ப்பிணியைப் பிடித்து இறக்கினாள்.

கிழக்குச் சுவர் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் ஒரு ஆள் கையை நுழைக்கலாம். அடுத்த நடைக்குப் படகு திரும்புவதற்குள் கட்டடம் நிற்காது என்று காந்திமதிநாதனுக்குப் பட்டது.

"நெருக்கி உக்காந்தா இன்னொரு ஆள் கொள்ளும். தூக்கிட்டு வாங்க தம்பி."

படகுக்குத் தலைவரான ஹவில்தார் எஸ்றா நாசரேத்துக்காரர். பட்டாளத்தில் இருபது வருஷம் இந்தி பேசியும் ஊர்ப்பேச்சு போகவில்லை.

"அண்ணாச்சி, வாறவங்கள ஏத்தத்தான் எங்கள அனுப்பியிருக்கு. வரமாட்டேங்கிறவங்க மேல கைவைக்கப் பட்டாளத்துக்கு அதிகாரம் கெடையாது. அது போலீஸ் வேல."

"போலீஸ் ஸ்டேஷனே தண்ணிக்குள்ளதான கெடக்கு."

"அப்ப நிர்வாக மாஜிஸ்திரேட் எழுதித் தரணும். எழுத்து இல்லாம ஒரு பொம்பளையத் தூக்குனா, நாளைக்குக் கோர்ட்டுல நான்தான் நிக்கணும்."

"அது ஆரு, மாஜிஸ்திரேட்டு?"

"கலெக்டர். அவரு ஆப்புடலன்னா இந்தத் தாலுகா தாசில்தார் போதும்."

காந்திமதிநாதன் மடியிலிருந்த தூக்குவாளியை எடுத்துத் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

எஸ்றாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் காட்டினார்.

"இந்தா பேனா. ஒரே ஒரு கையெழுத்து, நானே ஏறிப் போயி தூக்கிட்டு வாறேன். தாசில்தார் எங்கன இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க, எந்த வெள்ளத்துக்குள்ளயும் படக விடுதேன்."

கிழக்குச் சுவரிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. காந்திமதிநாதன் கையை மெல்ல உயர்த்தி மாடியைக் காட்டினார்.

"அங்கன நின்னுக்கிட்டு வரமாட்டேங்காள்லா, அவதான்."