சகலையின் பழைய டார்ச்

"சகலை, அது வேண்டாம். கீழ வைங்க."

மச்சினியின் கணவர் இப்படிச் சொன்னதும் பல் டாக்டருக்குச் சுருக்கென்றது. கடைக்காரர் எதிரிலேயே, ஏதோ குழந்தை பொம்மையைத் தூக்கிவிட்டது போலச் சொல்கிறானே இவன்.

டாக்டர் கையில் இருந்தது, கடலுக்கடியில் முக்குளிக்கிறவர்கள் கொண்டுபோகும் டார்ச். கைக்கு அடக்கமாக, கன்னங்கரேலென்று பளபளத்தது. இதோடு ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் மாமனார் வீட்டு வாட்ஸ்அப் குழுவே வாயைப் பிளக்கும்.

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

சகலை அதைக் கையில் வாங்கிக்கொண்டார். ஸ்விட்சைத் திருகிப் பார்த்தார். பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை விரலால் தடவினார். எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும், முழு வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் எரியும் என்று கடைக்காரரைத் துளைத்தெடுத்தார்.

"இந்த மாடல்ல கடைசி பீஸ் சார் இது," என்றார் கடைக்காரர்.

"சரி, பில் போட்டுடுங்க." சகலை டாக்டர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு உங்களுக்கு என்னோட பழசு போதும், சகலை."

டாக்டருக்கு வயிறு பற்றி எரிந்தது.

இந்த எரிச்சலுக்கு வயது ஏழு. அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை அவர். சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறார். சின்ன மாப்பிள்ளையான சகலை லிஃப்ட் மெக்கானிக். ஆனாலும் அங்கே எதற்கெடுத்தாலும் "சின்ன மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்பதுதான் பேச்சு. போதாக்குறைக்கு அவர் கடலுக்கடியில் இறங்குவதை மாமனார் தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார். அந்த வீம்பில்தான் டாக்டரும் நாற்பத்தாறு வயதில் முக்குளிக்கும் வகுப்பில் சேர்ந்தார். நாளை முதல் தடவையாகப் பாறைக் குகைக்குள் இறங்கப்போகிறார்கள். உள்ளே பட்டப்பகலிலும் கும்மிருட்டாக இருக்குமாம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"நான் ஆசைப்பட்டு எடுத்ததை என் கையிலேர்ந்து பிடுங்கி அவன் வாங்கிக்கறான். எனக்கு அவன் போட்டு உருட்டின பழசாம்."

"அதனால என்ன? வேற ஒண்ணு வாங்கிக்கோங்களேன்."

"வேற எதுக்கு? எனக்கு அதுதான் வேணும்."

மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "நம்ம பொண்ணு நாலு வயசுல இப்படித்தான் பேசுவா."

மறுநாள் காலை, படகில் இரண்டு டார்ச்சும் ஒரே வலைப்பையில் கிடந்தன. பழசு பெயின்ட் உரிந்து, பிடியில் டேப் சுற்றியிருந்தது. பக்கத்தில் புதுசு இவரைப் பார்த்து மினுக்கியது.

சகலையும் பயிற்சி மாஸ்டரும் பின்பக்கம் சிலிண்டர்களைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அக்கம் பக்கம் பார்த்தார். புதுசை எடுத்துத் தன் ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டார். அவன் பொருள் அவனுக்கு, பழசை அவனே வைத்துக்கொள்ளட்டும். மனசு கொஞ்சம் உறுத்தியது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மாஸ்டர் குதித்ததும், வரிசையில் சகலையை முந்திக்கொண்டு இவரும் குதித்துவிட்டார்.

கீழே போனதும் சகலை வேகமாகப் பக்கத்தில் வந்தார். அவர் கையில் பழசு. டாக்டரின் டார்ச்சைச் சுட்டிக்காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

தண்ணிக்கடியிலும் விடமாட்டான் போலிருக்கிறதே என்று டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாஸ்டர் பின்னாலேயே குகைக்குள் நுழைந்தார். சகலையோ ஒட்டிக்கொண்டே வந்தார்.

டார்ச்சைப் போட்டதும் பாறைச் சுவரெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தது. இரண்டு நிமிடம் டாக்டர் ராஜாவாக இருந்தார்.

மூன்றாவது நிமிடம் வெளிச்சம் ஒரு தடவை சிமிட்டியது. அப்புறம் அணைந்தே போனது.

மாஸ்டர் ஒரு திருப்பம் தாண்டிப் போயிருந்தார். டாக்டருக்குத் தன் கையே தெரியவில்லை. மேல் எது, கீழ் எது என்று புரியவில்லை. மூச்சு தாறுமாறாக ஓடியது. செத்தோம் என்றே நினைத்தார்.

அடுத்த நொடி, விலாப்பக்கத்தில் சகலையின் பழைய டார்ச் எரிந்து, மங்கலாக ஒரு மஞ்சள் வெளிச்சம் வந்தது. ஒரு கை அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. மேலே வந்து சேரும்வரை அந்தப் பிடி தளரவே இல்லை.

படகில் உட்கார்ந்தபோது, ஊராருக்கெல்லாம் பல் பார்க்கிறவருக்குப் பல் தந்தியடித்தது.

மாஸ்டர் புது டார்ச்சின் மூடியைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. ரப்பர் வளையத்தில் மயிரிழை போல ஒரு கீறல். வந்த கோபத்தில் மாஸ்டர் நேரே சகலையிடம் திரும்பினார்.

"என்ன சார் இது? நேத்து போன்ல என்ன சொன்னீங்க? 'பழசு நூறு தடவை இறங்கியும் என்னைக் கைவிட்டதில்ல, அதை அவர்கிட்ட கொடுத்துடறேன். புதுசை நம்ப முடியாது, அவருக்கு ஆசையா இருக்கேன்னு வாங்கிட்டேன், பத்து தடவை நானே கொண்டுபோய்ப் பாத்துட்டு அவர் பொறந்த நாளுக்குத் தரப்போறேன்'னு சொன்னீங்களா இல்லையா? அதுக்குள்ள என்ன அவசரம்? முதல் தடவை குகைக்குள்ள வர்றவர் கையில சோதிக்காத டார்ச்சையா கொடுப்பாங்க?"

டாக்டருக்கு யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் சகலை ஒரு துண்டை எடுத்து, நடுங்கிக்கொண்டிருந்தவரின் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார்.

"ரெண்டும் ஒரே பையில இருந்துச்சு மாஸ்டர், மாத்திக் கொடுத்துட்டேன்," என்றார். "தப்பு என்னோடதுதான்."